ஜெட் லாக்குக்கு உடற்பயிற்சி: எந்த ஊரில் எந்த நேரம்?

சென்னையிலிருந்து நெடுந்தொலைவு விமானம் ஏறுபவர்களுக்கு ஜெட் லாக் நீங்க, அதாவது உடம்பு பழைய ஊர் நேரத்திலேயே நிற்பதால் வரும் தூக்கக் குழப்பம் தீர, எல்லோரும் தவறாமல் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: போய் இறங்கிய மறுநாள் காலையிலேயே எழுந்து நன்றாக நடந்துவிட்டால், உடம்பு அந்த ஊர் நேரத்துக்குப் பழகிவிடும். இந்த அறிவுரை சான்பிரான்சிஸ்கோவுக்குச் செல்பவருக்கு ஏறத்தாழப் பொருந்தும். லண்டனுக்குச் செல்பவருக்குப் பயன்படாமல் போகலாம், சில வேளைகளில் எதிராகவும் வேலை செய்யலாம். சிட்னிக்குச் செல்பவருக்கோ முதல் சில நாட்களுக்குத் தவறான வழி. நடையும் அதே நடைதான், மணியும் அதே காலை 7 மணிதான். ஆனால் உடற்பயிற்சி உடல் கடிகாரத்தை எந்தப் பக்கம் நகர்த்தும் என்பதைத் தீர்மானிப்பது பயணியின் உடலுக்குள் அப்போது ஓடிக்கொண்டிருக்கும் மணி. சுவரில் தொங்கும் கடிகாரத்துக்கு அதில் வேலை இல்லை. ஆகவே உடற்பயிற்சியா, வெயிலா, உறங்கும் நேரத்தை உடலுக்கு உணர்த்தும் ஹார்மோனான மெலடோனின் மாத்திரையா, ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவதா என்று ஒப்பிட விரும்புபவர், போகும் ஊரையும் போகும் மாதத்தையும் சொல்லிவிட்டுத்தான் அந்த ஒப்பீட்டைத் தொடங்க வேண்டும்.

மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் குறுக்கிட்டுச் செல்லும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு முடிச்சு ஒன்று இருக்கிறது. உறக்கம், உடல் வெப்பம், மெலடோனின் சுரப்பு ஆகியவற்றின் நாள்முறையை நடத்தும் தலைமைக் கடிகாரம் அதுவே. வெளியுலகச் சாடை எதுவும் கிடைக்காமல் தானாக ஓடவிட்டால், மனிதர்களிடம் அது சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதலான சுற்றில் ஓடுகிறது. இந்தச் சிறு கூடுதலால்தான் பெரும்பாலானவர்களுக்கு உறக்கத்தைத் தள்ளிப்போடுவது எளிதாகவும், முன்கூட்டியே உறங்குவது கடினமாகவும் இருக்கிறது. மேற்கு நோக்கிப் பறப்பவருக்குக் கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் நகரும். கிழக்கு நோக்கிப் பறப்பவருக்கு ஒரு மணி நேரம்தான் நகரும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படிப் பார்த்தால் ஐந்தரை மணி நேர வித்தியாசம் உள்ள சிட்னிக்குப் போனவருக்கு எந்த உதவியும் இல்லாமல் ஐந்து ஆறு நாள் ஆகும். இரண்டு வார விடுமுறையில் அது சிறிய இழப்பு அன்று.

இந்தக் கடிகாரத்தை நகர்த்தும் சக்திகளில் ஒளிக்கு ஈடு வேறில்லை. கண்ணின் விழித்திரையில், பார்ப்பதற்கென்று அல்லாமல் வெளிச்சத்தின் அளவை உணர்வதற்கென்றே சில அணுக்கள் உள்ளன. நீல நிறம் சார்ந்த ஒளி அவற்றை மிக வலுவாகத் தூண்டி, தலைமைக் கடிகாரத்துக்கு நேரடியாகச் செய்தி அனுப்புகிறது. மேகமூட்டமான பகலிலும் வெளியே 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு வெளிச்சம் இருக்கக்கூடும். வீட்டு வரவேற்பறையில் மாலையில் சில நூறு லக்ஸ் இருந்தாலே அதிகம். உடல் வெப்பம் மிகக் குறைவாக இருக்கும் வேளை, அதாவது வழக்கமாக விழித்தெழுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு, ஒரு திருப்புமுனை. அதற்கு முன் வரும் ஒளி கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும், அதாவது உறக்கமும் விழிப்பும் தாமதமாகும். அதற்குப் பின் வரும் ஒளி முன்னுக்கு இழுக்கும், அதாவது இரண்டும் சீக்கிரமாகும். காலை 7 மணிக்கு எழுபவருக்கு இந்தத் திருப்புமுனை அதிகாலை 4, 4.30 மணி வாக்கில் வரும் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கட்டுரையின் கணக்குகள் எல்லாம் அப்படிப்பட்ட ஒருவரை மனத்தில் வைத்தே போடப்படுகின்றன. 5 மணிக்கே எழுந்துவிடுபவர் எல்லாவற்றையும் இரண்டு மணி நேரம் முன்தள்ளிப் படித்துக்கொள்ளலாம்.

உடற்பயிற்சியும் கடிகாரத்தை நகர்த்துமா என்பது நீண்ட காலம் ஐயத்துக்குரியதாகவே இருந்தது, ஏனென்றால் வெளியே ஓடுபவர் வெளிச்சத்திலும் ஓடுகிறார். நகர்த்தியது ஓட்டமா, வெயிலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரவில் நெடுநேரம் செய்யும் பயிற்சி கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது என்பதை 1990களின் ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டின. நாள் முழுவதையும் அளந்து பார்த்த பெரிய ஆய்வு 2019இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அதில் 101 பேர் பங்கேற்றனர். இளைஞர்களும் இருந்தனர், 59 முதல் 75 வயது வரையிலான முதியவர்களும் இருந்தனர். மங்கலான வெளிச்சத்தில், தொடர்ந்து மூன்று நாட்கள், நாளுக்கு ஒரு மணி நேரம், எட்டு வெவ்வேறு நேரங்களில் ஏதேனும் ஒன்றில் ட்ரெட்மில்லில் மிதமான வேகத்தில் பயிற்சி செய்தனர். சிறுநீரில் வெளியேறும் மெலடோனின் கழிவைக் கொண்டு கடிகாரத்தின் நகர்வு கணக்கிடப்பட்டது. உடலின் நேரப்படி காலை 7 மணிக்கும், பிற்பகல் 1 முதல் 4 மணிக்குள்ளும் செய்த பயிற்சி கடிகாரத்தை முன்னுக்கு இழுத்தது. இரவு 7 முதல் 10 மணிக்குள் செய்த பயிற்சி பின்னுக்குத் தள்ளியது. காலை 10 மணிக்கும், நள்ளிரவு தாண்டி 1 முதல் 4 மணிக்குள்ளும் செய்த பயிற்சி பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. வயதோ பாலினமோ இதில் வேறுபாடு காட்டவில்லை என்பது, பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் பறக்கும் தாத்தா பாட்டிகளுக்கு ஆறுதலான செய்தி.

இதை மாறாத வாய்ப்பாடாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லவும் காரணங்கள் உண்டு. மாலை 6.30 மணி வாக்கில் கடுமையாகச் செய்த ஒரு மணி நேரப் பயிற்சி கடிகாரத்தை முன்னுக்கே இழுத்ததாக 2003இல் வந்த ஓர் ஆய்வு கூறுகிறது; ஆகவே பின்னுக்குத் தள்ள விரும்புபவர் மாலை எல்லையை ஒட்டி நிற்காமல், உடலின் நேரப்படி 8 மணிக்கு மேல் தொடங்குவதே எச்சரிக்கையான தேர்வு. உறக்கப் பழக்கமும் குறுக்கிடுகிறது. 52 பேரைக் கொண்டு 2020இல் வெளியான ஆய்வில், ஐந்து நாட்கள் நாளுக்கு 30 நிமிடம் காலையில் பயிற்சி செய்தவர்களின் கடிகாரம் சராசரியாக 37 நிமிடம் முன்னுக்கு வந்தது. மாலையில் செய்தவர்களிடம் சராசரி நகர்வு ஏறக்குறைய இல்லை. ஆனால் அந்தச் சராசரிக்குள் இரண்டு வகையினர் ஒளிந்திருந்தனர்: இயல்பாகவே சீக்கிரம் உறங்கி எழுபவர்களை மாலைப் பயிற்சி பின்னுக்குத் தள்ளியது, இரவு வெகுநேரம் விழித்திருக்கும் வழக்கமுள்ளவர்களைக் காலைப் பயிற்சியும் மாலைப் பயிற்சியும் முன்னுக்கே இழுத்தன. நள்ளிரவுக்கு மேல் படுக்கும் பழக்கம் உள்ளவர் மேற்கு நோக்கிச் செல்லும்போது மாலைப் பயிற்சியை மட்டும் நம்பியிருப்பது சரியாகாது.

அந்த 37 நிமிடத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் உடற்பயிற்சியின் உண்மையான இடம் விளங்கும். ஆய்வுக்கூடத்தில் பல மணி நேர வலுவான ஒளி ஒரே இரவில் இரண்டு மூன்று மணி நேரம் கடிகாரத்தை நகர்த்துகிறது. உடற்பயிற்சி தனியாக அந்த வேலையைச் செய்யாது. ஒளி போகும் திசையிலேயே சென்று அதற்குக் கை கொடுக்கும், ஒளி கிடைக்காத இடத்தில் ஓரளவு ஈடுகட்டும். இனி மூன்று ஊர்களையும் எடுத்துக்கொள்ளலாம்.

லண்டன்

லண்டன், குளிர்காலத்தில் இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரமும் கோடையில் நாலரை மணி நேரமும் பின்தங்கியது. ஆகவே கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். உடலின் இரவு 7 முதல் 10 மணி என்பது அங்கே டிசம்பரில் பிற்பகல் 1.30 முதல் 4.30 வரை, ஜூலையில் 2.30 முதல் 5.30 வரை. கோடையில் அங்கே இரவு 9 மணி தாண்டியும் வெளிச்சம் இருப்பதால், மாலையில் வெளியே சுற்றித் திரிந்தாலே போதும். பயிற்சி ஒரு கூடுதல் வசதி மட்டுமே. டிசம்பரில் நிலைமை தலைகீழ். மாலை 4 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், ஒளி கைவிட்டுவிடும். உடற்பயிற்சிக்கு அதன் தனி மதிப்பு தெரியும் இடம் இதுதான்: பிற்பகல் 3 மணிக்கு மேல் ஜிம்முக்குப் போய் முக்கால் மணி நேரம் ட்ரெட்மில்லில் நடப்பது, ஆய்வு சொல்லும் நேரத்துக்குள் சரியாக விழுகிறது.

அலுவலகப் பயணமாகச் செல்பவர்கள் பெரும்பாலும் செய்வது வேறு. அதிகாலை 3 மணிக்கே விழிப்பு வந்துவிடும். கூட்டம் தொடங்குவதற்கு முன் எதையாவது செய்யலாமே என்று 7.30 மணிக்கு விடுதியின் ஜிம்முக்குள் நுழைவார்கள். குளிர்காலத்தில் அந்த 7.30 மணி என்பது அவர்கள் உடலுக்குப் பிற்பகல் 1 மணி. முன்னுக்கு இழுக்கும் நேரத்தின் தொடக்கம். அதிகாலையில் விழிப்பு வருவதே கடிகாரம் இன்னும் முன்னால் நிற்பதால்தான். அதை மேலும் முன்னுக்கு இழுப்பதில் பொருளில்லை. காலையில் மெதுவாகக் குளித்துச் சாப்பிட்டுவிட்டு, பயிற்சியைப் பிற்பகலுக்கு ஒத்திப்போடுவது நல்லது. வேலை நெருக்கடியில் பிற்பகல் கிடைக்காது என்றால், தவறான நேரத்தில் செய்வதைவிட இரண்டு நாள் செய்யாமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து.

சிட்னியும் மெல்பர்னும்

கிழக்கு நோக்கிய பயணத்தில் தவறு செய்வது எளிது, திருத்துவது கடினம். ஆஸ்திரேலியக் கோடையில் சிட்னியும் மெல்பர்னும் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகின்றன. அங்கே காலை 7 மணி என்றால் உடலுக்கு அதிகாலை 1.30 மணி. அந்த நேரத்து நடை தன்னளவில் கடிகாரத்தை அதிகம் அசைக்காது; ஆனால் கடற்கரை வெயில் அசைக்கும், அதுவும் பின்னுக்கு. முன்னுக்கு இழுக்க வேண்டிய கடிகாரத்தை அது எதிர்த்திசையில் தள்ளுகிறது. திருப்புமுனையான 4.30 மணி அங்கே காலை 10 மணியாக விழுகிறது. ஆகவே முதல் நாளில் 10 மணி வரை வீட்டுக்குள் இருப்பதும், வெளியே போக நேர்ந்தால் கறுப்புக் கண்ணாடி அணிவதும், அதன் பிறகு வெயிலை நன்றாக வாங்கிக்கொள்வதும் சரியான வரிசை.

பயிற்சிக்கு இரண்டு நேரங்கள் உள்ளன. உடலின் காலை 7 மணி அங்கே நண்பகல் 12.30, உடலின் பிற்பகல் 1 முதல் 4 வரை அங்கே மாலை 6.30 முதல் 9.30 வரை. இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், தயங்காமல் நண்பகல் என்பேன்: ஒளியும் பயிற்சியும் ஒரே திசையில் இழுக்கும் வேளை அது. ஜனவரி மாத ஆஸ்திரேலிய வெயிலில் நண்பகல் நடை கடினம் என்பவர்கள் பிற்பகலில் வெளியே உட்கார்ந்து ஒளியைப் பெற்றுக்கொண்டு, மாலை 6.30 மணிக்கு மேல் விரைவாக நடக்கலாம். இரவு 9 மணி வரை இழுத்துக்கொண்டு போக வேண்டாம். மாலைப் பயிற்சி பொதுவாக உறக்கத்தைக் கெடுப்பதில்லை என்றாலும், படுக்கைக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் முடியும் கடும் பயிற்சி மட்டும் உறக்கம் வருவதைத் தாமதப்படுத்தக்கூடும்.

நாளுக்கு ஒரு மணி நேரம் கடிகாரம் நகர்வதால் இந்த நேரங்களும் நாளுக்கு ஒரு மணி நேரம் முன்னால் வரும். முதல் நாள் 12.30 என்றால் மறுநாள் 11.30, அதற்கடுத்த நாள் 10.30. அறிவுரையில் சொல்லப்படும் காலை நடை ஐந்தாம் ஆறாம் நாளில்தான் அந்த ஊரில் சரியாக வந்து சேருகிறது.

சான்பிரான்சிஸ்கோ

குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேரம், கோடையில் பன்னிரண்டரை மணி நேரம் என்னும் இடைவெளி கிட்டத்தட்டப் பகலை இரவாக்குவது. இவ்வளவு பெரிய இடைவெளியில் கடிகாரம் எந்தப் பக்கம் சுற்றிப் போய்ச் சேரும் என்பதே உறுதியில்லை. பன்னிரண்டரை மணி நேரம் பின்னுக்குப் போகலாம், அல்லது பதினொன்றரை மணி நேரம் முன்னுக்கு வரலாம். எண்ணிக்கையில் முன்னுக்கு வருவது சிறியதாகத் தோன்றினாலும், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் நகரும் பின்பக்கமே விரைவான வழி. ஒரு நாள் இந்தப் பக்கம், மறுநாள் அந்தப் பக்கம் என்று சாடை கொடுத்துக்கொண்டிருந்தால் பத்து நாளானாலும் இரவு 2 மணிக்கு விழித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

உடலின் இரவு 7 முதல் 10 மணி அங்கே கோடையில் காலை 6.30 முதல் 9.30 வரை, குளிர்காலத்தில் 5.30 முதல் 8.30 வரை. ஆகவே இந்த ஊருக்கு மட்டும் பழைய அறிவுரை பொருந்துகிறது; காலை நடை பின்னுக்குத் தள்ளுகிறது, காலை வெயிலும் அதே திசையில் தள்ளுகிறது. சிக்கல் மாலையில்தான் வருகிறது. மகன் வீட்டில் பிற்பகல் 3 மணிக்குச் சோபாவில் சாய்ந்த பெரியவர், எழுப்பினாலும் எழ முடியாமல் தூங்கிவிடுகிறார். அது அவர் உடலுக்கு அதிகாலை 3.30 மணி. ‘இப்படியே தூங்கினால் ராத்திரி தூக்கம் வராது, வாங்க பூங்காவுக்குப் போகலாம்’ என்று 5 மணிக்கு அழைத்துப் போகிறார்கள். ஜூலை மாதத்து 5 மணி வெயில் அங்கே பளீரென்று அடிக்கும். திருப்புமுனையோ 4 மணிக்கு முடிந்துவிட்டது. அந்த வெயில் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கிறது, காலையில் செய்ததை மாலையில் கலைக்கிறது. முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு மாலை உலாவைக் கறுப்புக் கண்ணாடியுடன் வைத்துக்கொள்ளலாம், அல்லது வீட்டுக்குள்ளேயே பேரப்பிள்ளையோடு ஓடியாடி விழித்திருக்கலாம். திருப்புமுனை நாளுக்கு ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போவதால் நான்காம் நாளில் மாலை உலாவுக்குத் தடையில்லை. பிற்பகல் தூக்கத்தை முற்றிலும் மறுக்கவும் வேண்டாம். அரை மணி நேரத்தில் எழுப்பிவிட்டால் போதும்.

நியூயார்க், டொரொண்டோ செல்பவர்களுக்கு இதே கணக்கு எளிதாகிறது: கோடையில் 9.30 முதல் 12.30 வரை, குளிர்காலத்தில் 8.30 முதல் 11.30 வரை. சிங்கப்பூருக்கு இரண்டரை மணி நேரம்தான். அதற்காக இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை.

மாத்திரையும், சும்மா இருத்தலும்

மெலடோனின் பற்றிய ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2002ஆம் ஆண்டு மதிப்பாய்வில், பத்து ஆய்வுகளில் எட்டு நற்பலன் காட்டின. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட நேர மண்டலங்களைக் கடப்பவர்களுக்கு, குறிப்பாகக் கிழக்கே செல்பவர்களுக்கு, போய்ச் சேரும் ஊரின் உறக்க நேரத்தில் எடுத்துக்கொள்வது உதவியது. கடிகாரத்தை நகர்த்த அரை மில்லிகிராமும் ஐந்து மில்லிகிராமும் ஏறத்தாழ ஒன்றே. கூடுதல் அளவு தூக்கத்தைச் சற்று விரைவாக வரவழைக்கும், அவ்வளவுதான். தவறான நேரத்தில் போட்டால் இதுவும் எதிர்த்திசையில் இழுக்கும். பிரிட்டனில் இதற்கு மருத்துவர் சீட்டு வேண்டும்; அமெரிக்காவில் மருந்துக்கடை அலமாரியில் கிடைக்கிறது. ரத்தம் உறையாமைக்கான மருந்தோ வலிப்பு மருந்தோ எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. சிட்னிக்குப் போகும் ஆரோக்கியமான ஒருவருக்கு ஒளி, மெலடோனின், பயிற்சி என்ற வரிசையில் நான் மதிப்பிடுவேன். லண்டன் குளிர்காலத்துக்குப் பயிற்சியை மெலடோனினுக்கு மேலே வைப்பேன், ஏனெனில் மேற்கே போகிறவருக்கு இரவு 9 மணிக்கே தூக்கம் சொக்குகிறது. தூங்க வைக்கும் மாத்திரை அங்கே தேவைப்படும் பொருளன்று.

இரண்டு நாள் கூட்டத்துக்குப் போய்த் திரும்புபவர் கடிகாரத்தைத் தொடாமல் இருப்பதே சிறந்தது. கடிகாரம் நகரத் தொடங்கும் நேரத்தில் திரும்பும் விமானம் ஏறுவதால், இரண்டு முறை அவதிப்பட நேரும். அவருக்கு உடற்பயிற்சி வேறு வகையில் பயன்படும்: கூட்டத்துக்கு முன் பத்து நிமிடம் படியேறி இறங்கினால் மந்தம் சற்றுக் கலையும். அது விழிப்பைத் தரும் உடனடி விளைவு மட்டுமே. கடிகாரம் நகர்ந்ததாக அதை எண்ணிக்கொள்ளக் கூடாது. பயணிகள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான், எந்த நேரத்தில் ஓடினாலும் ஜெட் லாக் போகிறது என்ற நம்பிக்கை நிலைத்திருக்கிறது.

பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்பவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். நிலையான இரவு ஷிப்ட் உள்ளவர், இரவு 8, 9 மணி இடைவேளையில் இருபது நிமிடம் விரைவாக நடப்பதும், ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் நேராக ஜிம்முக்குப் போகாமல் இருப்பதும் கடிகாரத்துக்கு உகந்தவை. வாரத்துக்கொரு முறை ஷிப்ட் மாறும் செவிலியருக்குக் கடிகாரத்தை நகர்த்தும் முயற்சியையே நான் பரிந்துரைக்க மாட்டேன். அவருக்குத் தேவை, வேலைக்கு முன் ஒரு குட்டித் தூக்கமும் பகலில் இருட்டான அறையும்.

எந்த ஊரானாலும், பயிற்சி என்பது பேச முடியும், பாட முடியாது என்ற அளவிலான வேகத்தில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் நடப்பதே. பதினாறு இருபது மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து வந்த கால்களுடன், பழக்கமில்லாதவர் முதல் நாளே ஓட வேண்டாம். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் நடையை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் ஊசி நேரத்தையும் நடை நேரத்தையும் புறப்படும் முன்பே மருத்துவரிடம் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.

திரும்பி வரும் கணக்கை யாரும் போட்டு வைப்பதில்லை. சான்பிரான்சிஸ்கோ நேரத்துக்கு முழுதாகப் பழகியவர் சென்னைக்கு வரும்போதும் பின்னுக்குத் தள்ளுவதே எளிய வழி. அவருடைய உடலின் இரவு 7 முதல் 10 மணி இங்கே கோடைப் பயணத்தில் காலை 7.30 முதல் 10.30 வரை, குளிர்காலத்தில் 8.30 முதல் 11.30 வரை விழும். மெரினாவில் 5.30 மணிக்கு நடக்கும் வழக்கமுள்ளவருக்கு ஜூலையில் அந்த 5.30 மணி, உடலளவில் முந்தைய நாள் மாலை 5 மணி. பின்னுக்குத் தள்ளும் நேரம் இன்னும் தொடங்கவில்லை. முதல் நாளில் அவர் நடையை 8 மணிக்குத் தள்ளிவைத்துக்கொண்டு, அடுத்தடுத்த நாட்களில் கடிகாரம் நகர்வதற்கேற்ப இன்னும் தள்ளிப்போடலாம். அந்த வெயிலில் கடற்கரை மணல் ஒத்துவராது என்றால், மர நிழல் உள்ள ஒரு பூங்காவைப் பார்த்துக்கொள்ளலாம்.